கூலிக்கு முன்னால் வந்த சரக்கு: மரக்காணம் கரையில் போதை வந்த வரலாறு

வேப் கிராமத்துக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் பதறுகிறார்கள். பதறட்டும். ஆனால் அந்தப் பதற்றத்துக்குள் ஒரு பொய் இருக்கிறது. நேற்று வரைக்கும் நம்ம சனங்களின் பிள்ளைகள் போதையின் வாசமே தெரியாமல் வளர்ந்த மாதிரியும், செல்போன் வந்து அவர்களைக் கெடுத்துவிட்ட மாதிரியும் பேசுகிறார்கள். ஆரோவில்லில் இருந்து மரக்காணம் வரைக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இரண்டு பக்கமும் ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் இருக்கிற இருளர் குடியிருப்புகளைக் கேட்டால் கதை வேறு. இந்தக் கரையில் போதை எப்போதும் மேலிருந்துதான் இறங்கியிருக்கிறது. கூலிக்கு முன்னால் வந்திருக்கிறது. அதன் பின்னாலேயே போலீஸ் வந்திருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல், "தம்பி, கெட்ட பழக்கம், விட்டுடு" என்று பிள்ளையிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

முதலில் இந்தப் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பேனா மாதிரியோ பென்டிரைவ் மாதிரியோ இருக்கும். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், நிகோடின் கலந்த திரவம். சூட்டில் திரவம் ஆவியாகும். அதை இழுக்க வேண்டும். மாம்பழ வாசம், புதினா வாசம். பீடி நாற்றம் இல்லாததால் அம்மாவுக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது. தமிழ்நாடு அரசு 2018 செப்டம்பரில் இதைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு, அந்த டிசம்பரிலேயே அதை நாடு முழுவதுக்குமான சட்டமாக்கியது. சட்டம் இருக்கிறது. சரக்கும் இருக்கிறது.

எங்கள் மாலை வகுப்புக்கு வருகிற ஒரு பையன், பதினாறு வயசு, ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சனி ஞாயிறில் கடற்கரை விடுதி ஒன்றில் பாத்திரம் கழுவப் போகிறான். அவன் சொன்னது: "காசு கேக்கல சார். தங்க வந்த பசங்க சும்மாதான் குடுத்தாங்க. வேணான்னு சொன்னேன். உனக்கு இதெல்லாம் இன்னான்னாவது தெரியுமாடான்னு சிரிச்சாங்க. அப்பதான் வாங்கி இழுத்தேன்."

கடைசி இரண்டு வரியைத் திரும்பப் படியுங்கள். அங்கே ஆசை எங்கே இருக்கிறது? வேண்டாம் என்றுதான் முதலில் சொல்லியிருக்கிறான். அவனை இழுக்க வைத்தது நிகோடின் இல்லை, சிரிப்பு. மறுத்தால் காட்டான், வாங்கினால் மனுசன். இந்தச் சிரிப்புக்கு வயசு அதிகம். அதனால்தான் வரலாற்றுக்குப் போக வேண்டியிருக்கிறது.

சங்க இலக்கியத்தில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் அந்தப் பட்டினத்துக்குப் போகிற பாணர்களுக்கு நுளையர் பெண் வடித்த கள் கிடைக்கிறது. பழந்தமிழர் விருந்தோம்பல் என்று விளக்கம் சொல்லிவிட்டுப் பண்டிதர்கள் அடுத்த அடிக்குப் போய்விடுவார்கள். நமக்கு அங்கே வேறு ஒன்று தெரிகிறது. அவள் வடித்ததைப் பரதவர் கொடுக்கிறார்கள். விலை இல்லை, கடன் இல்லை, கணக்கு நோட்டு இல்லை. அந்தக் கள் எப்போது சரக்கானது?

1805ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. மலபார், கோயம்புத்தூர்ப் பக்கங்களில் புகையிலையும் 1850கள் வரை அப்படித்தான். 1886ல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. கள்ளையும் சாராயத்தையும் யார் இறக்கலாம், யார் காய்ச்சலாம், யார் விற்கலாம் என்பதை ஏலம் எடுத்தவனும் சர்க்காரும் முடிவு செய்தார்கள். இதில் நம்ம கரைக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தில் உப்புக்கும் சாராயத்துக்கும் இலாகா ஒன்றேதான்: உப்பு, ஆப்காரி இலாகா. அளத்துக்கு வெளியே உவர்மண்ணில் ஒரு பிடி உப்புச் சுரண்டினாலும் சரி, குடிசைக்குப் பின்னால் ஒரு பானை ஊறல் போட்டாலும் சரி, தேடி வருகிற காக்கிச்சட்டை ஒரே இலாகாவின் சட்டை. 1930ல் வேதாரண்யத்துக்கு நடந்த கதையைப் பாடப்புத்தகம் சொல்லும். உப்பு வரி 1947ல் போனது. சாராய வருமானமோ போன பிறகும் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஆண்டுகளாகச் சொன்னாலே போதும். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948ல் மாகாணம் முழுக்க. 1971ல் எடுத்தார்கள். பிறகு மூடினார்கள். 1981ல் மறுபடி திறந்தார்கள். 1983ல் டாஸ்மாக் பிறந்தது. 1987ல் சாராயக் கடைக்குப் பூட்டு. 1990ல் மலிவு விலை மது. 1991ல் அதற்கும் பூட்டு. 2003 நவம்பரில் சில்லறைக் கடையையே அரசாங்கம் எடுத்து நடத்த ஆரம்பித்தது. கடையைத் திறந்த காலத்தில் நம்ம சனங்களின் கூலி கல்லாப்பெட்டிக்குப் போனது. மூடிய காலத்தில் நம்ம சனங்களே ஸ்டேஷனுக்குப் போனார்கள். காய்ச்சினவன், தூக்கிக்கொண்டு போனவன், குடித்துவிட்டு விழுந்து கிடந்தவன் எல்லாம் சேரியிலும் காலனியிலும் இருந்து கிடைப்பான். முதல் போட்டவன் வீடு ஊர்த்தெருவில் இருக்கும். அங்கே ஜீப் போகாது.

இந்தக் கரை இருளர்களைக் கூலிக்குத் தள்ளியது எது என்பதையும் சொல்ல வேண்டும். காட்டுச் சட்டங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. 1978ல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்பவர்களின் கூட்டுறவுச் சங்கம் வந்து, விஷம் எடுத்துக் கொடுக்கிற தொழிலாகக் கொஞ்சம் பேருக்கு அது மாறியது. மற்றவர்கள் சவுக்கு வெட்டப் போனார்கள், கரிமூட்டம் போடப் போனார்கள், அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போனார்கள். 1976ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் போனார்கள். கழுவெளியில் தண்ணீருக்குள் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிற பிழைப்பு ஒன்று மிச்சம் இருந்தது. 2021 டிசம்பரில் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவைக்கு இடம் வேண்டும், மறுக்கவில்லை. தடவிப் பிழைத்தவனுக்கு எந்த அறிவிக்கையில் இடம்?

சவுக்கு வெட்டுக்குப் போன ஒரு ஆயா சொன்னாள்: "மேஸ்திரி சனிக்கெழம ராவுல ஆம்பளைங்களுக்கு சாராயம் ஊத்துவான். அத நோட்டுல எழுதிக்குவான். கூலிய கண்ணால பாக்கறதுக்கு முன்னாடி சாராயத்தப் பாத்துட்டோம் நாங்க." பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேறு சரக்கு: வெற்றிலையோடு பொகையில. உப்பு வாரும்போதும் அப்படித்தான். பங்குனி சித்திரை வெயிலில் பாத்தியில் உப்பு கண்ணாடி மாதிரி அடிக்கும். கண் கூசும், காலில் பித்தம் வெடிக்கும், பசி எடுக்கும். பொகையிலயை வாயில் அடக்கினால் பசி கொஞ்சம் மட்டுப்படும். பசியை அடக்குகிற சாமானைச் சோற்றை விட மலிவாகக் கொடுத்தவர்கள் அதன்பிறகு, "இதுங்க இப்படித்தான், போட்டுக்கினே இருக்கும்ங்க" என்றார்கள். போதையைக் கொடுப்பது ஒருவன், போதைக்காரன் என்று பேர் வாங்குவது இன்னொருவன்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகை வழியாகப் பௌத்தத்தின் பஞ்சசீலத்தைப் பேசியபோதும், அம்பேத்கர் 1956 அக்டோபரில் நாகபுரியில் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதைச் சேர்த்தபோதும், இந்த இழிபெயரோடும் சேர்த்துத்தான் சண்டை போட்டார்கள். காந்தியாரின் மதுவிலக்கு மேலே நின்று கீழே இருப்பவனைத் திருத்தப் பார்த்தது. இவர்கள் சொன்னது, நம்மை விலை பேசுகிறவனிடம் இருந்து நம்மை நாமே மீட்டுக்கொள்வது. இரண்டும் ஒன்று என்று நினைக்கிற நண்பர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

அடுத்தது போலீஸ். இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் புதிதாக எழுத ஒன்றும் இல்லை. எங்கே திருட்டு நடந்தாலும் இருளர் குடிசையில் டார்ச் அடிப்பார்கள். 1993ல் அத்தியூரில் இருளர் பெண் ஒருவர்மீதான பாலியல் வன்கொடுமை தொடர்பாகப் புதுச்சேரி போலீசார்மீது எழுந்த வழக்கில் கடைசிவரை நின்றவர்களில் முக்கியமானவர் திண்டிவனம் பேராசிரியர் பிரபா கல்விமணி. 1996ல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக உருவானது. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் பக்கம் மறுபடி இருளர் பெண்கள், மறுபடி போலீஸ்மீது புகார். 2021ல் ஒரு சினிமா வந்தது, நகரத்தில் எல்லோரும் அழுதார்கள். நல்லது.

2023 மே மாதம் மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்து மீனவர் குப்பத்தில் பிணங்கள் விழுந்தன. அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் விழுந்தன. இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து இருபதுக்கு மேல். அது சாராயமே இல்லை, ஆலைக்குப் போக வேண்டிய மெத்தனால். அடுத்த ஜூனிலேயே, 2024ல், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேல். ஒவ்வொரு முறையும் சாவுக்குப் பிறகு ரெய்டு. ரெய்டில் நூற்றுக்கணக்கில் கைது. இப்போது வேப்பையும் கஞ்சாவையும் 'போதை ஒழிப்பு' என்ற ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். நமக்குப் பயம் அங்கேதான் வருகிறது. 2019 சட்டத்தில் இழுக்கிறவனைத் தண்டிக்கத் தனிப் பிரிவு கிடையாது. விற்றால் முதல்முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம். இருப்பு வைத்திருந்தால் ஆறு மாதம் வரை அல்லது 50,000 ரூபாய் வரை. விடுதி அறையில் நாலு கருவியோடு படுத்திருக்கிற பட்டணத்துப் பையனிடம் இருப்பது பொழுதுபோக்கு. இருளர் பையன் சட்டைப்பையில் ஒன்று இருந்தால் அது 'இருப்பு' ஆக எவ்வளவு நேரம் ஆகும்?

புகையிலையிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் குட்காவை முதலில் 2001ல் தடை செய்தார்கள். 2004ல் உச்சநீதிமன்றத் தீர்ப்பில் அது போனது. 2013ல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மறுபடி தடை. 2023 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இத்தனை வருஷமும் பெட்டிக்கடையில் ஹான்ஸ் கிடைத்தது. பிறகு கூல் லிப் வந்தது: துணிப்பை மாதிரி சின்னப் பொட்டலம், புதினா வாசம், உதட்டுக்குள் ஒதுக்கிவிட்டு வகுப்பில் உட்காரலாம். பள்ளிப் பிள்ளைகள் இதற்கு அடிமையாவதைப் பார்த்து 2024ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையே கவலைப்பட்டது. பொகையிலயில் இருந்து கூல் லிப், அதிலிருந்து வேப். ஒவ்வொரு படியிலும் எரிச்சலும் நாற்றமும் குறைகின்றன, பிள்ளையின் வயசும் குறைகிறது.

இதில் ஒரு இரசாயனம் இருக்கிறது. தனி நிகோடின் ஆவியை இழுத்தால் தொண்டை எரியும், புதுசாக இழுக்கிறவன் இருமித் துப்பிவிடுவான். 2015ல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த ஜூல் என்கிற கருவி நிகோடினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்தது. எரிச்சல் தணிந்தது, அதிக அளவு நிகோடினைச் சுகமாக உள்ளே அனுப்ப முடிந்தது. அதற்கு வேதியியலில் பேர் நிகோடின் உப்பு. உப்பளத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது ஒருத்தி கேட்டாள்: "உப்புன்னா எரியணும் இல்ல சார்? எரியாத உப்ப எதுக்கு செஞ்சாங்க?" இதைவிடச் சரியாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எரிச்சல்தான் உடம்பு சொல்கிற 'வேண்டாம்'. அந்த வேண்டாத்தை எடுத்துவிட்டு விற்கிறார்கள். வளர்கிற மூளைக்கு நிகோடின் என்ன செய்யும் என்பது தெரிந்த விஷயம்: கவனம், ஞாபகம் எல்லாவற்றிலும் கை வைக்கும், பிறகு அது இல்லாமல் எரிச்சல், படபடப்பு.

நம்மைப் போலவே நிலம் பறிகொடுத்த சனங்களிடமும் இதே ஆட்கள் போனார்கள். அமெரிக்கச் செவ்விந்தியர்கள் என்று நம் புத்தகங்கள் சொல்கிற பூர்வகுடிகளில் பல இனங்களுக்குப் புகையிலை வழிபாட்டுப் பொருள். தினம் ஊதுகிற சாமான் இல்லை. அவர்கள் மண்ணில் இருந்த அந்தச் செடியை எடுத்துத் தொழிற்சாலையில் போட்டு, சிகரெட்டாக அவர்களுக்கே விற்றார்கள். 2019 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு முன்னால், செயேன் ரிவர் சூ மக்களிடையே வேலை செய்யும் ஒரு சுகாதாரப் பணியாளர் சாட்சி சொன்னார். சிகரெட்டை விட உதவுகிற திட்டம் என்ற பேரில் ஜூல் கம்பெனி அந்த மக்களின் சபையை அணுகி, சலுகை விலையில் கருவி தர முன்வந்ததாக. 2022 டிசம்பரில் அந்தக் கம்பெனி ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சமரசத்தில் முடித்துக்கொண்டபோது, வழக்குப் போட்டவர்களில் பூர்வகுடி அரசுகளும் இருந்தன. அங்கே இளைஞர்களிடம் வேலை செய்கிறவர்கள், நம்ம பாட்டன் கையில் இருந்த புகையிலை வேறு, கம்பெனி விற்கிறது வேறு என்ற இடத்தில் இருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்துவதில்லை, வாரிசாக நிறுத்துகிறார்கள். நம்மிடமும் அந்த நுளைச்சியின் கள் இருக்கிறது. யோசித்துப் பார்க்கலாம்.

ஆனால் எனக்கு அதைவிடப் பக்கத்தில் ஒரு பாடம் தெரிகிறது. நம்ம கரைக்கு வடக்கே, இதே கடலோரம், யானாதிப் பழங்குடிகள் வாழ்கிற நெல்லூர் மாவட்டம். எண்பதுகளில் ஆந்திர அரசே 'வாருணி வாகினி' என்று பேர் வைத்துச் சாராயத்தைப் பொட்டலத்தில் அடைத்து ஊருக்குள் அனுப்பியது. 1991ல் எழுத்தறிவு இயக்கம் அங்கே ராத்திரி வகுப்பு தொடங்கியது. பாடப்புத்தகத்தில் ஒரு கதை: பெண்கள் சேர்ந்து சாராயக் கடையை மூடுகிறார்கள். தூபகுண்டா கிராமத்தில், பின்னால் தூபகுண்டா ரோசம்மா என்று நாடறிந்தவர் முன்னால் நிற்க, பெண்கள் கதையை நிசமாக்கினார்கள். 1992ல் நெல்லூரில் கடை ஏலத்தையே திரும்பத் திரும்ப ஒத்திவைக்க வேண்டியதானது. 1993 அக்டோபரில் மாநிலம் முழுக்கச் சாராயத்துக்குத் தடை. 1995ல் வந்த முழு மதுவிலக்கை 1997ல் எடுத்துவிட்டார்கள் என்பதும் வரலாறுதான். மேலிருந்து வருவது அப்படித்தான் போகும். ஆனால் அ, ஆ எழுதப் படித்தவர்கள் கூடவே தங்கள் கூலிக் கணக்கையும் படித்தார்கள். எந்த ஜீப்பும் செய்யாததை ஒரு பாடப்புத்தகம் செய்தது. அந்தப் பாடத்தைப் பிறகு புத்தகத்தில் இருந்தே எடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாலை வகுப்பில் செய்வது பெரிய காரியம் இல்லை. வேப் வைத்திருக்கிற பையனை வெளியே அனுப்புவதில்லை, பேரைப் பலகையில் எழுதுவதில்லை. அனுப்பினால் அவன் போகிற இடம் அந்த விடுதியின் பின்கட்டுதான். கூத்து மாதிரி ஒன்று நடத்துகிறோம். ஒருத்தன் பட்டணத்துப் பையன், ஒருத்தன் நம்ம பையன். பட்டணத்தான் கருவியை நீட்டி, "இன்னான்னு தெரியுமாடா?" என்று சிரிக்க வேண்டும். நம்ம பையன் பதில் சொல்ல வேண்டும். முதல் வாரம் எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். மூன்றாவது வாரம் ஒருத்தன் சொன்னான்: "தெரியும். பேட்டரி, கம்பி, மருந்து. உங்க அப்பன் காசு போவுது. பாம்பு புடிக்கத் தெரியுமா உனக்கு?" கூரை அதிரச் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு அந்தச் சிரிப்பை அடிக்கும் என்று நினைக்கிறேன். 2023ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர் பாம்புபிடிக்காரர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்ததையும், பாம்புக்கடி மருந்துக்கான விஷத்தை நம்ம சனங்கள் எடுத்துத் தருவதையும் சொன்ன பிறகு வந்த பதில் அது. பட்டத்துக்காகச் சொல்லவில்லை, காட்டான் என்கிற சொல்லுக்குப் பதிலாகச் சொன்னோம்.

சட்டத்தையும் சொல்கிறோம், ஆனால் வேறு முனையில் இருந்து. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் போதைப் பொருளையோ புகையிலையையோ கொடுக்கிறவனுக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் என்கிறது. கொடுத்தவனைத்தான் அது பிடிக்கிறது, வாங்கினவனை இல்லை. இதை ஒரு அட்டையில் எழுதி வகுப்பில் மாட்டியிருக்கிறோம். விட்டுவிட நினைக்கிறவனுக்குப் பீடிக்கட்டிலும் பொகையிலப் பொட்டலத்திலும் அச்சடித்திருக்கிற 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. வேப் திருட்டுச் சரக்கு. அதில் எச்சரிக்கைப் படமும் இல்லை, எண்ணும் இல்லை. ஆகவே அட்டையில் அந்த எண்ணையும் எழுதினோம்.

மிச்சம் உள்ளது சான்றிதழ். வேப் பேச்சில் சான்றிதழ் எங்கே வருகிறது என்று ஒரு தோழர் கேட்டார். பத்தாவது முடித்த இருளர் பிள்ளைக்கு எஸ்.டி. சான்று இல்லாமல் மேலே படிப்பது எட்டாது. பள்ளிக்கூடம் நின்ற மறுவாரம் அவன் சவுக்கு வெட்டுக்கோ, விடுதிப் பாத்திரத்துக்கோ போகிறான். வேப்பை நீட்டுகிற கை அங்கேதான் இருக்கிறது. பள்ளியில் இருக்கிற பையனுக்கு வேண்டாம் என்று சொல்ல இன்னொரு இடம் உண்டு, போய் உட்கார. பதினாறு வயசுக்காரனின் மனு இரண்டு வருஷமாக மேசையில் இருக்கிறது. தாத்தா காலத்துப் பத்திரம் கொண்டு வா என்கிறார்கள். அவன் தாத்தா ஏரிக்கரையில் பிறந்து ஏரிக்கரையில் செத்தவர். பத்திரத்துக்குப் பதிலாக இந்த முறை குடியிருப்பே திரண்டு போய், பாம்பு பிடித்த கையையும் இறால் தடவின கையையும் காட்டுவதாக முடிவாகியிருக்கிறது. தேதி அடுத்த திங்கள்கிழமை.